வெள்ளை படிந்த குடுவை

இங்கிலாந்தின் குளோஸ்டர் ஊரில் எங்கள் மண் ஆய்வகத்தில் கிளெனிஸ் இருபத்திரண்டு வருடமாக இதே வேலைதான் செய்கிறாள். மண்ணை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, அந்த நீரில் பேரியம் குளோரைடு விடுவாள். வெள்ளையாகப் படிந்தால் சல்பேட் இருக்கிறது என்று அர்த்தம். அது கான்கிரீட்டைத் தின்றுவிடும்.

அன்று குடுவை பால்போல் வெளுத்தது. அந்த மண்ணை அனுப்பிய, வீடு கட்டி விற்கும் டெஸ்மண்டுக்கு உடனே போன் போட்டாள்.

"அஸ்திவாரத்துக்குச் சாதா சிமெண்ட் போட்றாதீங்க. மண்ணு ரொம்ப மோசம்."

"அது போட்டு ஆறு மாசமாச்சு, கண்ணு. ஆளுங்க குடியே வந்துட்டாங்க."

"அப்புறம் எந்த இழவுக்கு இப்ப மண்ணை அனுப்புனீங்க?"

"ஃபைல்ல ஒரு தாள் வேணுமில்ல?"

மேலாளரிடம் ஓடினாள். அவர் அறிக்கையின் கடைசி வரியைக் காட்டினார்: கருத்துச் சொல்வது ஆய்வகத்தின் பொறுப்பல்ல. நானாயிருந்தால் குடுவையை அவர் மேசையில் கவிழ்த்திருப்பேன் என்று வெளியே வந்ததும் கிளெனிஸிடம் சொன்னேன். நானும் கவிழ்க்கவில்லை. அவள் அறிக்கையில் சல்பேட் அளவை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மாலை நாங்கள் இருவரும் ஏறிய பஸ் டெஸ்மண்டின் அந்தப் புது வீடுகள் வழியாகத்தான் போனது. ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்த ஒருத்தி எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

கிளெனிஸும் கையசைத்தாள்.