ஒரே காலைத் தூக்கிய துவாரபாலகர்கள்

துரைக்கண்ணு சுதை வேலைக்காரர். செங்கல்லும் அரைத்த சுண்ணாம்பும் கொடுத்தால் போதும், கோபுரத்தில் ஏறி உட்கார்ந்து சாமி பண்ணிவிடுவார். காஞ்சிபுரத்தைச் சுற்றி அவர் கை படாத கோபுரம் குறைவு. குணத்தில் தங்கமான மனுஷர்தான். ஆனால் மயில்வாகனம் என்ற பேரை மட்டும் அவர் காதில் போடக் கூடாது. போட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

மயில்வாகனமும் அதே ஊர், அதே தொழில், இரண்டு வயது இளையவர். ஏனாத்தூரில் துரைக்கண்ணு ஒரு நந்தி பண்ணியபோது, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எருமை நல்லா வந்திருக்குதுபா" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தப் புண்ணியவான். அதோடு பதினைந்து வருஷம் பேச்சில்லை.

1968இல் செவிலிமேட்டுப் பக்கம் ஒரு சின்னச் சிவன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். தர்மகர்த்தா திருஞானசம்பந்தம் என்ன நினைத்தாரோ, கோபுரத்தில் நிற்கும் இரண்டு துவாரபாலகர்களையும் ஆளுக்கு ஒன்றாக இவர்களிடம் கொடுத்துவிட்டார். வந்ததும் இருவரும் செய்த முதல் காரியம், தங்கள் சாரத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்டிக்கொண்டதுதான். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துவிடக் கூடாதாம்!

துவாரபாலகர் என்றால் ஜோடி. ஒருவர் வலது காலைத் தூக்கிக் கதாயுதத்தின் மேல் வைத்தால், மற்றவர் இடது காலை வைக்க வேண்டும். யாருக்கு எந்தக் கால் என்று ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் தீர்ந்தது. துரைக்கண்ணு பேசுவாரா? வேண்டுமென்றால் அவன் வந்து கேட்கட்டும் என்று வலது காலைத் தூக்கி வைத்தார். சோறு கொண்டுவரும்போதெல்லாம் மனைவி செல்லியம்மாள், போய்க் கேட்டுத் தொலையேன் என்று நச்சரித்தாள். காதில் வாங்கவில்லை. அந்தப் பக்கமும் அதே வீம்பு, அதே வலது கால்.

கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தட்டியைப் பிரித்தார்கள். இரண்டு காவலர்களும் வலது காலைத் தூக்கிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஏறப் போகிறவர்கள் மாதிரி நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த தறிக்காரர்கள் சிரித்த சிரிப்பு பாலாறு வரைக்கும் கேட்டிருக்கும். தர்மகர்த்தாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒன்றை இடித்தே ஆக வேண்டும், எதை என்று மூத்தவரான துரைக்கண்ணுவே சொல்லட்டும் என்றுவிட்டார்.

பதினைந்து வருஷக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நாள் ஏது? துரைக்கண்ணு விறுவிறுவென்று மயில்வாகனத்தின் சாரத்தில் ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். பொம்மையின் இடுப்புக் கச்சைக்கு மேலே லேசாகப் பிதுங்கிய அந்த வயிறு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக அவர் கைக்கு வராத வயிறு. பாவி, எப்படித்தான் பண்ணினானோ! தடவிப் பார்த்தார். கண் கலங்கியது.

"என்னுதை இடிங்க," என்றார்.

மயில்வாகனம் அதற்குள் துரைக்கண்ணுவின் சாரத்தில் ஏறி நின்றிருந்தார். "எப்படி இடிப்பே? இந்த ஆள்காட்டி விரலு மிரட்டிக்கினு நிக்குது. எனக்கு ஜென்மத்துக்கும் இது வராதுபா. என்னுதைத்தான் இடிக்கணும்."

பிடித்தது புதுச் சண்டை. ஒரு மணி நேரம் கத்திப் பார்த்த துரைக்கண்ணு, பேச்சை விட்டுவிட்டுத் தன் பொம்மையின் முட்டியில் தானே சுத்தியலைப் போட்டார். இதிலாவது ஜெயிக்க வேண்டாமா?

கால் மாறினால் இடுப்பு மாறும், கை மாறும். முழுக்கப் புதிதாக எழுப்ப வேண்டும், ஒற்றை ஆளால் ஆகாது. மறுநாள் காலை மயில்வாகனம் சுண்ணாம்புக் கூடையோடு யாரும் கூப்பிடாமலே ஏறி வந்தார். வயிறு அவர் வைத்தார், விரல் இவர் வைத்தார். இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை.

கும்பாபிஷேகத்தன்று அந்தப் பொம்மையை அண்ணாந்து பார்க்காத ஆள் இல்லை. இது யார் வேலை என்று தர்மகர்த்தா எல்லார் முன்னாலும் கேட்டார்.

"மயிலு பண்ணது," என்றார் துரைக்கண்ணு.

மயில்வாகனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். "பொய் சொல்றாருங்க. துரை பண்ணது. நான் கூட நின்னேன், அவ்ளோதான்."

அந்தச் சண்டை கடைசி வரைக்கும் தீரவில்லை. தினமும் சாயங்காலம் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போட்டார்கள்.