படத்தில் மட்டும் ஆடிய ஊஞ்சல்

நடக்க முடியாத என் மகளுக்குப் பத்து வயது. அவளுக்கு ஊஞ்சல் என்றால் உயிர். துறைமுகப் பக்கம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பூங்கா வருகிறது, சக்கர நாற்காலியோடு ஏற்றி ஆட்டக்கூடிய ஊஞ்சலும் உண்டு என்று கேள்விப்பட்டதும் அவளைவிட நான்தான் துள்ளினேன்.

திறப்பு விழாவுக்கு எட்டு மணிக்கே வரச் சொன்னார்கள். பிரதம விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் பூச்செண்டோடு வெயிலில். பிறகு மாலை, மங்கள விளக்கு, நாடா வெட்டு, முடியவே முடியாத பேச்சுகள். எல்லாப் பேச்சிலும் ‘இந்தப் பிஞ்சுகள்’ வந்தார்கள். பிஞ்சுகளுக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் என் மகளை ஊஞ்சலில் ஏற்றினார்கள். விருந்தினர் இரண்டு தரம் ஆட்டினார், படம் பிடித்தார்கள், இறக்கிவிட்டார்கள்.

“ஞாயிற்றுக்கிழமை வந்து ஆசை தீர ஆடுவம் அம்மா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துப் போனோம். வாசலில் நெருக்கமாக மூன்று இரும்புத் தூண்கள். நாற்காலி நுழையவில்லை.

“மோட்டார் சைக்கிள்காரர் உள்ளுக்க ஓடுறாங்கள் எண்டு போட்டது” என்றார் காவலாளி. “பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கோவன்.”

“கதிரை இல்லாம அந்த ஊஞ்சல்ல எப்பிடி ஐயா இருக்கிறது?”

“ஓம், அது ஏலாதுதான்.”

“அண்டைக்கு வந்தனாங்கள்தானே?”

“அண்டைக்குப் பெரியவரின்ர வாகனம் உள்ளுக்க வரவேணுமெண்டு இந்தத் தூணுகளைக் கழட்டினது. பூட்டின்ர சாவி நகரசபைக் கந்தோரில இருக்கு. இண்டைக்கு லீவு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசல் என் பிள்ளைக்காகத் திறந்திருந்தது என்று நினைத்து, அன்று கைகூப்பி நன்றி வேறு சொல்லிவிட்டு வந்திருந்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளில்தான் பிள்ளை விளையாட வரும் என்பதுகூடத் தெரியாதவர்களுக்குப் பூங்கா எதற்கு? காவலாளியைத் திட்டி என்ன பயன்? ஆனாலும் திட்டினேன்.

மகள் வேலியில் கட்டியிருந்த பெரிய பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் ஊஞ்சலில் இருந்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அதைக் கழட்டுங்கோ. நான் ஒவ்வொரு நாளும் ஆடுறன் எண்டெல்லோ ஆக்கள் நினைப்பினம்.”

நான் பதாகையின் கயிற்றில் கை வைத்தேன். “அனுமதி இல்லாமக் கழட்ட ஏலாது அம்மா” என்று காவலாளி பதறினார்.

முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன்.