நடுவில் ஒரு பட்டை

மை காயாத வண்ணத் தாளுக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. இளம்பிள்ளைக் கடைவீதியில் இருந்த "பிரவுசிங் சென்டரில்" அச்செடுத்த இரண்டு விண்வெளிப் படங்களை மூக்கருகே பிடித்தபடி நான் வீட்டுக்கு ஓடிவந்தபோது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று, நடுவில் நேரான பட்டையும் அதன் இரு முனைகளிலிருந்து வளைந்து கிளம்பும் கைகளுமாக ஒரு சுருள் விண்மீன் மண்டலம். மற்றது, அப்படிப்பட்ட மண்டலங்களின் கொத்து. அதில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தவற்றில் ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான விண்மீன்கள் அடங்கிய மண்டலம் என்று படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அவற்றைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அம்மா சேலைக்கு டிசைன் போடுகிறவள். எந்தப் படத்தையும் "கிராப்" தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பி எத்தனை பெரிதாகவும் ஆக்கிவிடுவாள். கொத்துப் படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏஞ்சாமி, புட்டாவெல்லாம் இப்படித் தாறுமாறாக் கெடக்குதே, எந்தப் புண்ணியவான் போட்ட டிசைனு?" என்றாள். புட்டா என்பது சேலையின் உடலில் வரிசையாக வரும் சிறு பூ.

கண்காட்சிக்கு முதல் நாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், அம்மா பெரிதாக்கி முடித்திருந்த படங்களில் கொத்து அப்படியே இருந்தது, சுருளில் பட்டையைக் காணோம். நடுவில் ஒரு பொட்டு, அதிலிருந்தே கைகள். "குறுக்க கோடு உளுந்திருந்துச்சு, எடுத்துட்டேன். அப்படியே உட்டா யாவாரி சேலையத் திருப்பி அனுப்பிருவாங்க" என்றாள் அம்மா, பெரிய உபகாரம் செய்த நிறைவோடு. நான் தரையில் விழுந்து கத்தினேன். "நம்மூட்டுலயே யாருக்கும் தெரியல, அங்க யாருக்குத் தெரியப் போகுது?" என்று அப்பா சமாதானம் சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. எனக்குத் தெரியும், அது போதும் என்று சொல்லிவிட்டு, வெள்ளை வண்ணத்தைக் குழைத்துப் பட்டையை நானே தீட்டினேன். கட்டத்துக்குள் அடங்காமல் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அம்மா அச்சுப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நடுவராக வந்த வேற்றூர் ஆசிரியர் என் சுருளின் முன் நின்று, "நல்லாருக்கும்மா. நடுவுல கோடு எதுக்கு, கை தவறிருச்சா?" என்றார். அச்சுப் படத்தைக் காட்டினேன். "பிரவுசிங் சென்டர் பிரிண்டுதானே, மை இழுத்திருக்கும். மறைச்சுட்டுக் கூப்புடு, முதல் பரிசு உனக்குத்தான்." முடியாது சார் என்றேன். எங்கள் வகுப்பாசிரியை பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினார். மறுபடியும் முடியாது என்றேன்.

அப்போது பெற்றோர் கூட்டத்திலிருந்து அம்மா முன்னால் வந்தாள். "ஏனுங்க சார், தறியில இழை தப்புனா கரை வரைக்கும் ஓடுமுங்க. மை இழுத்தாலும் தாளு ஓரம் வரைக்கும் போகோணுமுங்க. இது கை மொளைக்கிற எடத்துல வந்து நின்னிருக்குதுங்க. நானுந்தான் பிசகுன்னு எடுத்துப் போட்டனுங்க. தப்பு எம்பேர்ல, படத்து மேல இல்லீங்க." அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பரிசு, சோடா உப்பில் பொங்கிய ஓர் எரிமலைக்குக் கிடைத்தது.

இன்று அந்தப் "பிரவுசிங் சென்டர்" செல்போன் கடையாகிவிட்டது, கிராப் தாளை வாங்குவாரில்லை, என் சுருளைக் கரையான் தின்று வெகுகாலமாகிறது. போகட்டும். பரிசு போனதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு, வருத்தம் துளியும் இல்லை. நம் பால்வழி மண்டலத்துக்கும் நடுவில் பட்டை உண்டு என்பதை இப்போது பள்ளிப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். அந்த நடுவர் எங்கிருந்தாலும் அவருக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: நீங்கள் எங்கே நின்றுகொண்டு பட்டையை மறைக்கச் சொன்னீர்களோ, அந்த இடமும் ஒரு பட்டைச் சுருளுக்குள்தான் இருந்தது சார்.