கோல்டிங் பக்கத்துச் சேமக்காலையில் ஆள் மாறி அழுத கதை

இந்தப் பயணத்தை நான் திட்டமிடவில்லை. அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், திட்டமிட்டார். கார் மட்டும் என்னுடையது. போன நவம்பர் இரண்டாம் தேதி, கத்தோலிக்கர்கள் கல்லறைகளுக்குப் போய் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்தும் நாள். அத்தானின் தம்பி ஊரில் சண்டைக்குப் போனவர். உடல் வரவில்லை, அதனால் கல்லறையும் இல்லை. வருடாவருடம் அத்தான் குசினி யன்னலில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, அன்று முழுக்க யாரோடும் கதைக்காமல் இருப்பார். கோல்டிங் என்ற டெனிஷ் நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கல்லறைத் தோட்டத்தில், எங்கள் பேச்சில் சேமக்காலையில், பழைய உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களுக்கு நினைவுக்கல் இருப்பதாக வேலையிடத்தில் யாரோ சொல்ல, இந்த முறை அங்கேதான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நாங்கள் இருக்கிற ஹ்விடோவ்ரேயிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். காலை எட்டரைக்கு வெளிக்கிட்டுப் பதினொன்றுக்குச் சேர்ந்தோம். வழியில் கடலைக் கடக்கிற பெரிய பாலத்தில் காற்று காரைத் தள்ளியது. அத்தான் செபமாலையை அங்கேயே தொடங்கிவிட்டார்.

டெனிஷ் சேமக்காலை எங்கள் வீட்டு வரவேற்பறையைவிடச் சுத்தம். கத்தரித்த வேலிகள், வாரி விட்ட சரளைக்கற்கள். அதற்குள் ஒரு பெரிய கல்லின் முன் சின்ன டெனிஷ் கொடி குத்தியிருந்தது.

“இதுதானடா. பார், கொடியெல்லாம் குத்தியிருக்கினம்,” என்றார் அத்தான்.

“பொறுங்கோ அத்தான், பெயரை வாசிப்பம்.”

“முதல் செபிப்பம். பிறகு ஆறுதலா வாசி.”

கொடி வைத்த கல்லறை என்றால் சிப்பாய்தான். எங்கள் நாட்டில் பிறந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். நானும் கண்ணை மூடினேன். பன்னிரண்டு மெழுகுதிரி, முழுச் செபமாலை. அத்தான் விம்மி விம்மி அழுதார்.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் சிவப்புக் கோட்டுடன் ஒரு வயதான டெனிஷ் அம்மா, கையில் கோப்பிப் போத்தல். அது அவருடைய கணவரின் கல்லறை. அன்று அந்தக் கணவரின் பிறந்தநாள், அதற்குத்தான் கொடி. இந்த நாட்டில் பிறந்தநாளுக்குக் கொடி வைப்பார்கள் என்பது முப்பது வருடமாக இங்கே கேக் தின்கிற எங்களுக்குத் தெரியாததா!

“பால் ஆலையில் இவருக்குக் கீழே வேலை செய்தீர்களா?” என்று கேட்டார்.

அழுத முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அத்தானுக்கு வாய் வரவில்லை. “யா,” என்றார்.

அம்மா மெழுகுதிரிகளையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆச்சரியம்தான். அவர் அவ்வளவு நல்ல முகாமையாளர் இல்லையே!”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தான் என்னை முறைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். தம்பியைப் பற்றி அவர் டெனிஷில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா குனிந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு மெழுகுதிரியை எடுத்தார்.

“வாருங்கள். இவருக்குப் பதினொன்று போதும்.”

சிப்பாய்களின் கல் தேவாலயத்தின் பின்பக்கம், இடுப்பளவு உயரம், பாசி பிடித்துக் கிடந்தது. 1848இல் ஒரே அரசனின் குடிகள் இரண்டாகப் பிரிந்து, மூன்று வருடம் அடிபட்ட போரில் விழுந்தவர்கள்.

“உங்கள் தம்பியின் பெயர் என்ன?”

“அன்ரன்.”

அவர் கைக்குட்டையால் பாசியைத் துடைத்துத் துடைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். கீழே ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கேயும் ஓர் அன்ரன். அத்தான் அந்த எழுத்துகளின்மேல் கையை வைத்தவர், நெடுநேரம் எடுக்கவில்லை. நான் அம்மாவிடமிருந்து மெழுகுதிரியை வாங்கிக் கல்லின் அடியில் வைத்தேன்.

போகிறவர்களுக்கு: நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், மதியத்துக்குள் போய்விடுங்கள். காற்றில் நெருப்புக்குச்சி நிற்காது, லைட்டர் கொண்டுபோங்கள். கல்லின் முன்னால் கண்ணை மூடமுதல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிப்பாய்க் கல்லில் அன்ரனின் பெயர் கீழிருந்து மூன்றாவது. மெழுகுதிரி மிஞ்சினால் அவரிடம் ஒன்று வையுங்கள். எங்கள் அன்ரனுக்கும் இப்போதைக்கு விலாசம் அதுதான்.