ஐந்து பட்டை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய், வாசலில் நிற்கும் வண்டியின் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிடுகிற ஆள் நான். கோபமும் அப்படித்தான், மூக்கு நுனியில் இருக்கும். இருபது வருடமாக நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால்தான் அதில் நிலைத்தேன்.

என் மனைவிக்கு முதுகில் டிஸ்க் விலகியபோது, குலுங்குகிற எதிலும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் போச்சு, பைக் போச்சு. வாரம் தவறாமல் வெண்ணந்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்வருகிறவள், ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள்ளேயே எட்டு மாதம் கிடந்தாள். தங்கை போனில் பேசினால் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்கும். பேச்சு முடிந்த பிறகும் என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பழைய கார் ஒன்றை வாங்கிவிடு என்றார்கள் எல்லோரும். ஊர் லாரிக்கெல்லாம் பாடி கட்டுகிறவன், தன் பெண்டாட்டி ஏறுவதற்கு அடுத்தவன் செய்த வண்டியையா வாங்குவது? வீம்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு பழைய வேனை அதன் ஆர்.சி. புத்தகத்தோடு பிடித்து, அடிச்சட்டமான சேஸியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே நானே தகடு அடித்துக் கார் கட்டினேன். முன்பக்கம் மளமளவென்று முடிந்தது. பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். வேனின் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் துருப்பிடித்து வீணாகியிருந்தது.

பழைய இரும்புக் கடையில் இரண்டு ஆக்ஸில் கிடந்தன. ஒன்று லாரியில் இருப்பதுபோல, நீள இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங்கில் உட்காருவது. இன்னொன்று ஏதோ காரில் இருந்து கழற்றியது, சுருள் ஸ்பிரிங்கில் உட்காருவது. பதினைந்து நாள் அந்தக் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். காலையில் சுருள் என்பேன், மத்தியானம் பட்டை என்பேன். அளவு எடுத்த நூல் சட்டைப் பையிலேயே கிடந்து அழுக்கானது. கடைசியில் பட்டையை எடுத்தேன். கை பழகியது அதுதானே.

ஸ்பிரிங் கடைக்காரர் எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் கேள்வியைக் கேட்டார்.

"லோடு எவ்வளவுங்க?"

"பின்னால ஒரே ஆளுங்க. என் சம்சாரம். நாப்பத்தாறு கிலோ."

"அதுக்கு மூணு பட்டையே சாஸ்திங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தொழிலில் காலி வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். தொங்கினால் கட்டியவனுக்குத்தான் கேவலம், ரோட்டில் போகிற டிரைவர்கூட யார் கட்டியது என்று கேட்டுச் சிரிப்பான். மூணு பட்டையில் வண்டி தொங்குமே என்று சத்தம் போட்டு ஐந்து வைக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வைத்தார்.

சோதித்துப் பார்த்ததும் பட்டறை வழக்கப்படிதான். பின்னால் ஆறு மூட்டை மணல் ஏற்றி, வெண்ணந்தூர் ரோட்டில் ஓட்டினேன். வேகத்தடையில் ஏறி இறங்கியதே தெரியவில்லை. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

முதல் முறை அவளைத் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, "எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லாத்தேன் இருக்குதுங்க" என்றாள்.

அடுத்த வாரம் கிளம்பும்போது, தங்கைக்கு அரிசி கொண்டுபோக வேண்டும் என்றாள். இரண்டு மூட்டை ஏற்றினேன். அதற்கடுத்த வாரம் நான்கு மூட்டை. பிறகு தேங்காய், வெங்காயம், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை. வரும்போது வெறும் கையோடு வரக்கூடாதென்று அங்கிருந்து புண்ணாக்கு மூட்டை. அக்கா தங்கை பாசம் இப்படிப் பொங்குகிறதே என்று எரிச்சலாகக்கூட இருந்தது. தூக்கி ஏற்றுவது நான்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை எனக்கே போன் செய்தாள்.

"மாமா, அக்காகிட்ட அரிசி கொண்டாற வேண்டாம்னு நீங்களாச்சும் சொல்லுங்க. தறி ஊட்டுல கால் வெக்க எடமில்லீங்க. எலி வருது. நாஞ் சொன்னாக் கேக்கறதில்ல, மூட்டை இருந்தாத்தேன் வண்டி தூக்கிப் போடாதுங்குது."

போனை வைத்தேன். பிறகு கூட வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லி, மூட்டை எதுவும் இல்லாமல் பின் சீட்டில் உட்கார்ந்தேன். நான் கட்டிய வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்ததே அன்றுதான். கனம் இல்லாததால் ஐந்து பட்டையும் கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை, முதல் வேகத்தடையில் தலை கூரையில் இடித்தது. இரண்டாவதில் இடுப்புக்குள் ஏதோ நழுவியது மாதிரி வலித்தது. அவள் இதில்தான் நல்லாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். குறை சொன்னால் நான் குதிப்பேன் என்று, அந்த வலிக்கு மூட்டை கட்டிச் சமாளித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, ஓட்டுகிறவர் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

சுருள் ஸ்பிரிங் ஆக்ஸில் இன்னும் அந்தக் கடையிலேயே கிடந்தது. பட்டையைக் கழற்றி, சேஸியில் புதிதாகத் தாங்கிகள் வெல்டு செய்து, அதை மாட்ட மூன்று வாரம் பிடித்தது. ஷாக் அப்சர்பரையும் மெதுவானதாகப் பார்த்துப் போட்டேன். முடிந்தபோது வண்டியின் பின்பக்கம் லேசாகத் தணிந்து நின்றது.

"என்னுங்க, வண்டி உக்காந்துருச்சு?" என்று பட்டறையில் கேலி செய்தார்கள். உட்காரட்டும் என்றேன்.

அன்று கிளம்பும்போதும் அவள் வாசலில் ஒரு அரிசி மூட்டையைக் காட்டினாள்.

"அது வேண்டாம். நீ ஏறு" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "கோவமாங்க?"

"இல்ல. தங்கச்சி சொல்லீருச்சு."

ஏறி உட்கார்ந்து, மேலே தொங்கிய வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் வேகத்தடை தாண்டியது, ஒரு கையை விட்டாள். இரண்டாவதும் தாண்டியது, மற்றக் கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஏரிக்கரை வளைவில் ஒரு பள்ளம். வண்டி இறங்கி ஏறியது.

அவள் சொன்னாள்: "ஏனுங்க, அந்தப் பள்ளத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் இடிக்குதுங்க."

சட்டென்று மூக்கு நுனிக்கு வழக்கமான கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வேலையில் அவள் சொன்ன முதல் குறை அது.

"பாக்கறேன் சாமி" என்றேன்.