அரண்மனை வாசல் மீசை

ஜைசல்மேருக்கு வந்து போனவர்கள் வீட்டு ஆல்பத்தில் ஜுகத் சிங் இல்லாமல் இருக்க மாட்டார். கோட்டை வாசலில் ஒன்று, சமணக் கோயில் படிக்கட்டில் ஒன்று, கடீசர் ஏரிக்கரையில் ஒன்று, சாயங்காலம் மணல்மேட்டில் ஒட்டகத்தோடு ஒன்று. பக்கத்தில் நிற்பவர்கள் மாறியிருப்பார்கள். மீசை மட்டும் எல்லாப் படத்திலும் அதேதான். சுருட்டி இரண்டு கன்னத்திலும் வட்டமாக வைத்திருப்பார். அவிழ்த்து விட்டால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நிற்கவும் செய்தார்கள், தினமும்.

அரண்மனையை ஹோட்டலாக்கிய புதிதில் வாசலில் கதவு திறந்துவிடும் வேலைக்குத்தான் அவரை எடுத்தார்கள். மேனேஜர் மாத்தூர் மூளைக்காரர். கதவு தானாகத் திறக்கிற மாதிரி செய்துவிட்டு, ஜுகத் சிங்கை ஹோட்டலின் சுற்றுலாப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். காலையில் கோட்டை, பிறகு கோயில், பிறகு ஏரி, கடைசியில் மணல். போகிற இடத்திலெல்லாம் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பார்க்க வந்த பொருளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது. கேமராவில் அவரும் விழ வேண்டும், கோட்டையும் விழ வேண்டும். அந்த ஊரிலேயே அந்தக் கோட்டைக்கு அதிகமாக முதுகு காட்டிய மனிதர் அவர்தான். கோயிலுக்குள் அவர் கடைசியாகப் போய்க் கும்பிட்டது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

ராஜபுத்திரன் மீசையில் கை வைத்தால் கை இருக்காது என்பதெல்லாம் பாட்டில் வருகிற சங்கதி. ஜுகத் சிங்கின் மீசையில் வரிசையில் நின்று கை வைத்தார்கள். சிலர் ஒட்டு மீசையோ என்று இழுத்துப் பார்த்தார்கள். இழுத்தால் கண்ணில் தண்ணீர் வரும். சிரிக்க வேண்டும். சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்திதான்.

வீட்டிலும் அது விட்டபாடில்லை. காலையில் எண்ணெய், ராத்திரி துணிக்கட்டு. மல்லாந்துதான் படுக்கலாம். மோரைக் குடிக்க முடியாது, கரண்டியால் ஊட்டிக்கொள்ள வேண்டும். ஜலதோஷம் பிடித்தால் அந்த வேதனையைச் சொல்லி முடியாது. மனைவி சுகன் கன்வர் அதை மீசை என்றே சொல்ல மாட்டாள்.

"உங்க மூத்த சம்சாரம் குளிச்சாச்சா? அப்ப இளையவ நான் அடுப்பைப் பத்த வைக்கலாமா?" என்பாள்.

தம்பி தேஜ் சிங்தான் அந்தப் பஸ்ஸின் டிரைவர். அண்ணன் மீசையைக் காட்டி வாங்கிக்கொடுத்த வேலை. அவர்கள் அப்பா மூல் சிங் மட்டும் கிராமத்திலேயே இருந்தார். ஆடுகளோடு ஆடாக இருக்கிறேன், டவுன் வேண்டாம் என்றார். ஒரே ஒரு தடவை வந்தார். மகன் வேலை செய்கிற அழகைப் பார்க்கக் கோட்டை வாசலுக்கு வந்து, கூட்டத்தில் ஓரமாக நின்றார். அப்போது ஒரு வெளிநாட்டு அம்மாள் மீசையின் இரண்டு நுனியையும் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஒரே கைதட்டல். ஜுகத் சிங் நிமிர்ந்தபோது அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. கிழவர் அடுத்த பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஜுகத் சிங்குக்குத் தோன்றும்.

அந்த அப்பா ஐப்பசிக் குளிர் தொடங்கியபோது தூக்கத்திலேயே போய்விட்டார். சேதி வந்தபோது ஜுகத் சிங் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தார். தேஜ் சிங் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து, "பாய்சா, அப்பா போயிட்டாரு" என்றான். அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வழிகாட்டி லீலாதர் கையைப் பிசைந்தான். நல்ல பையன்தான். ஆனால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டே குடும்பம்தான் பாய்சா. வெளிநாட்டுக்காரங்க இல்ல, நம்ம ஊர்க் குழந்தைங்க... அழுதுடும்" என்றான்.

ஜுகத் சிங் இரண்டு குடும்பத்தோடும் நின்றார். எங்கேயோ இரண்டு வீட்டு ஆல்பத்தில் அந்தப் படம் இன்றும் இருக்கும். அப்பா செத்த சேதி கேட்டுக் கால் மணி நேரம்கூட ஆகாத மகன் அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்.

சிதைக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. அவர்கள் குலத்தில் அப்பா இருக்கும்வரை மகன் மீசையில் கத்தி படக் கூடாது. அப்பா போனால் தலையோடு மீசையும் போக வேண்டும். தகப்பன் இருக்கிறானா இல்லையா என்று மகன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை, முகமே சொல்லிவிடும். அப்படியானால் இதுவும் போய்விடும். நினைத்த மாத்திரத்தில் உடம்பு லேசானது. தலையணையில் கன்னம் புதைத்துப் படுக்கலாம். மோரைச் சொம்போடு தூக்கிக் குடிக்கலாம். கோயிலுக்குள் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்னால் அப்பா எரிந்துகொண்டிருக்க, முன்னால் நடந்த மகனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே அதை நினைத்துக் கூசிப்போனார். சந்தோஷமும் கூச்சமும் இரண்டும் நிஜம்தான்.

மாத்தூர் துக்கம் விசாரிக்கக் காரில் வந்தார். விரித்திருந்த சாக்குத் துணியில் எல்லோரோடும் உட்கார்ந்தார். மூல் சிங்கை அவர் பார்த்ததே இல்லை என்றாலும் மிக அழகாகப் புகழ்ந்தார். பிறகு, அந்தப் பக்கத்து மரியாதைப்படி ஹுக்கும் என்று அழைத்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"ஹுக்கும், நான் சொல்றேன்னு தப்பா நினைக்கக் கூடாது. புதுப் பஸ்ஸு ரெண்டு வந்திருக்கு. ரெண்டுலயும் உங்க முகத்தைத்தான் வரைஞ்சிருக்கோம். ஸ்டேஷன் போர்டுலயும் நீங்கதான். வந்து இறங்கறவன் முதல்ல என்ன கேக்கறான்? மீசைக்காரர் எங்கேன்னுதான் கேக்கறான்."

"திரும்ப முளைக்கும் சாகிப்" என்றார் ஜுகத் சிங்.

"எத்தனை வருஷத்துல?"

ஜுகத் சிங் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

"நானா இருந்தா போகட்டும்னு விட்டுடுவேன். மேல இருக்கறவங்க விடமாட்டாங்க. மீசை இல்லாத ஆளுக்கு வாசல்ல என்ன வேலைம்பாங்க. அப்புறம் தம்பி வேலையும்... நான் எதையும் சொல்லல. நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

எதையும் சொல்லவில்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் உறவுகள் கூடின. குலத்துப் பெரியவர் கிர்தர் சிங், எல்லோருக்கும் பாபோசா, துக்க வீட்டு வழக்கப்படி அபினைக் கரைத்துக் குடித்துவிட்டு யோசித்தார். தேஜ் சிங் முந்திக்கொண்டான்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நானே எடுத்துக்கறேன் பாபோசா. தலையையும் மழிச்சு, மீசையையும் எடுத்துடறேன். பாய்சா இருக்கட்டும்."

"எடுக்கலாம்" என்றார் பெரியவர். "ஒரு மகன் எடுத்தா அப்பனுக்குப் போய்ச் சேரும். ஆனா ஒண்ணு. மகனுக்குத் தலையும் மீசையும் சேந்துதான் போகணும், ஒண்ணை மட்டும் எடுக்கறது கிடையாது. பன்னிரண்டாம் நாள் தலைப்பாகையை மழிச்ச தலையிலதான் கட்டுவோம். முடியோட இருக்கற தலையில வீட்டுப் பெரியதனத்தை எப்படிடா வைக்கறது?"

யாரும் மறுக்கவில்லை. அது நியாயம் என்பது ஜுகத் சிங்குக்கே தெரியும். அப்பாவின் இடத்தில் உட்காரும் மகன் யார் என்று ஊரறியச் சொல்வது அந்தத் தலைப்பாகைதான். மூத்தவன் உயிரோடு இருக்க இளையவன் தலைக்கு அது போனதாக அந்தக் குடும்பத்தில் கதைகூடக் கிடையாது.

"நான் எடுத்துக்கறேன். அவர் எனக்கும் அப்பாதான்" என்றார் ஜுகத் சிங்.

தேஜ் சிங் தரையைப் பார்த்தான். ஆண்கள் கலைந்த பிறகு, உள்ளே அழைத்து சுகன் கன்வர் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளை அப்படி அவர் பார்த்ததே இல்லை.

"இதைத் திட்டாம நான் ஒரு நாள் தூங்கினதில்ல. இன்னிக்குச் சொல்றேன், வேண்டாம். பொண்ணுக்குப் பங்குனியில கல்யாணம். சம்பந்திக்காரங்க பொண்ணையா பாத்தாங்க? ஸ்டேஷன் போர்டைப் பாத்துட்டுத்தானே வந்தாங்க! கல்யாணம் முடியட்டும். அப்புறம் எடுத்துக்குங்க."

"அப்புறம்னா? எங்கப்பா இன்னொரு தடவை சாவாரா?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது. அழுதால் மீசை நனைந்து தொங்கும், உலர்த்திச் சுருட்ட ஒரு மணி நேரமாகும் என்ற எண்ணம் அழுகையோடு கூடவே வந்தது. அதற்காகவே அதை வெட்டி எறியலாம் போலிருந்தது.

மழிக்கும் நாளில் ஊர்க் குளத்தங்கரையில் நாவிதர் சம்பாலால் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பங்காளிகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். தேஜ் சிங்குக்கும் ஆயிற்று. மழித்த தலையும் வழித்த உதடுமாக அவன் திரும்பியபோது, சின்ன வயதில் பொக்கை வாயோடு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவானே, அதே முகம். ஜுகத் சிங் போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

சம்பாலால் தண்ணீரைத் தொடவில்லை. "ஹுக்கும், எழுந்திரிங்க" என்றார் மெல்ல.

"ஏன்?"

"உங்க வீட்டு உப்பைத் தின்னு வளந்த கை. இத்தனை பேர் சோத்துல கத்தியை வைன்னா எப்படி வைக்கும்? பாபோசாவைக் கேளுங்க."

பெரியவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தியைக் குடு."

சம்பாலால் கொடுத்தார். ஜுகத் சிங் இடது கன்னத்துச் சுருளை அவிழ்த்து இழுத்துப் பிடித்து, அடியில் கத்தியை வைத்தார். குளிர்ந்த இரும்பு உதட்டில் பட்டது. இழுத்தால் முடிந்தது. தடுக்கக்கூட யாரும் கிட்டே வரவில்லை.

அப்போது, சிதையை விட்டுத் திரும்பும்போது வந்த அந்தச் சந்தோஷம் மறுபடி வந்தது. அதே லேசான உடம்பு. தலையணை, மோர், கோயில். அவருக்குத் திக்கென்றது. இதை நான் அப்பாவுக்காகவா எடுக்கிறேன்? அப்பா செத்ததைச் சாக்கு வைத்துத் தப்பிக்கத்தானே பார்க்கிறேன்? என் சுகத்துக்குத் தம்பி வேலையும் மகள் கல்யாணமும் விலையா? இப்படிக் கேட்டுக்கொண்டால் எந்த நல்ல காரியமும் கெட்ட காரியமாகத் தெரியும் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் அவர் கத்தியைக் கீழே வைத்தால் போதும்.

வைத்துவிட்டார். பலகையிலிருந்து எழுந்து, அடுத்தவனுக்கு இடம் விட்டார்.

பன்னிரண்டாம் நாள் தேஜ் சிங்கின் மழித்த தலையில் தலைப்பாகை கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை அவன் தேம்பிக்கொண்டே இருந்தான். பங்காளிகள் வரிசையாக வந்து புதிய பெரியவனை வணங்கினார்கள். அந்த மொட்டைத் தலைகளுக்கு நடுவே எண்ணெய் மினுக்கும் மீசையோடு ஜுகத் சிங்கும் வரிசையில் வந்தார். பின்னால் நின்ற பங்காளி ஒருவன், காதில் விழட்டும் என்றே சொன்னான்.

"கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கீங்க பாய்சா! மாப்பிள்ளை யாரு?"

ஒருவன் சிரித்தான். ஜுகத் சிங் குனிந்து, தான் தோளில் தூக்கி வளர்த்த தம்பியைக் கைகூப்பி வணங்கினார். தேஜ் சிங் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இருந்தாலும் வணக்கம் வணக்கம்தான். பதிவாகிவிட்டது.

மறுநாளே வேலை. மாத்தூர் புது எண்ணெய்ப் புட்டி வாங்கி வைத்திருந்தார். கல்கத்தாவிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்திருந்தது. கோட்டை ஆயிற்று, கோயில் ஆயிற்று, ஏரிக்கு வந்தார்கள். லீலாதர் வழக்கமான பாட்டை ஆரம்பித்தான்.

"இவங்க பரம்பரையில தலையைக் கேட்டாக் குடுத்துடுவாங்க, மீசையைக் கேட்டாக் குடுக்க மாட்டாங்க. இதுல கத்தியே பட்டதில்ல!"

கூட்டம் கைதட்டியது. கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர், விஷயம் தெரிந்துகொள்ளும் ஆசையில், "எப்பவுமே எடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"அப்பா தவறினா மட்டும்தான் சார்..." என்று பேச்சு வேகத்தில் சொல்லிவிட்டு லீலாதர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பெரியவர் ஜுகத் சிங் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படின்னா உங்க அப்பா இருக்காரா?"

லீலாதர் தண்ணீரைப் பார்த்தான். பஸ் கதவில் சாய்ந்திருந்த தேஜ் சிங், தலைத் துணியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டான்.

"இருக்காரு" என்றார் ஜுகத் சிங்.

"நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு."

"குடுத்து வச்சவர் ஐயா நீங்க. இந்த வயசுல அப்பா இருக்கறதுன்னா சும்மாவா! எனக்குப் பள்ளிக்கூடம் போற வயசுலயே போயிட்டார்." அவர் ஜுகத் சிங்கின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். "வீட்டுக்குப் போனா என் நமஸ்காரத்தை அவர்கிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன் ஹுக்கும்."

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் மகன் கேமராவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீசையைக் கொஞ்சம் முறுக்கிப் பிடிக்கச் சொன்னான். ஜுகத் சிங் முறுக்கிப் பிடித்தார்.