பரிசலில் ஏறாதவள்

அவர் சொன்ன கதை எந்தப் படத்திலும் இல்லை. அது அவருடைய சொந்தக் கதை. இது எனக்குத் தெரிய வந்தபோது, அந்தக் கதையை நான் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப்போட்டு, தேநீரும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் இடையே பேச்சு நின்றுபோயிருந்தது. நின்றதற்குக் காரணம் நான். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அது போதுமா என்று தெரியவில்லை.

நான் தமிழாசிரியை. வேலைக்காகப் போர்ட் பிளேர் வந்து பன்னிரண்டு வருஷமாகிறது, புரோத்ராபூரில் வாடகை வீடு. ஞாயிறுதோறும் மாலையில் மின்னி பே பகுதியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி நாவல், நாடகம், சினிமா என்று பேசுவோம். பேசுவோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் பேசுவது நான்தான், மற்றவர்கள் பொறுமைசாலிகள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எந்தக் கதை வந்தாலும் அதில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் பாத்திரத்துக்கு என்ன வேண்டும், அந்தப் பக்கம் எது தடுக்கிறது என்று எழுதிவிடுவேன். எனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தேன். மழை வந்தது, வண்டி தவறிவிட்டது, கடிதம் கைக்குக் கிடைக்கவில்லை என்று முடிகிற கதை சோம்பேறிக் கதை. மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும், வானிலை எடுக்கக்கூடாது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். எனக்கே அது பிடிக்கும்.

அந்தக் கதையைச் சொன்ன பெண் வண்டூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். தையல் வேலை, கணவர் டிங்கியில் மீன்பிடிக்கப் போகிறவர். கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நான் பலகையில் எழுதுவதையெல்லாம் மகளுடைய பழைய நோட்டில் குறித்துக்கொள்வார். இரண்டு வருஷத்தில் அவர் வாயைத் திறந்து ஒரு கதையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

“டிவில ஒரு படம் பாத்தேன் டீச்சர். பேரு மறந்துட்டு” என்று ஆரம்பித்தார்.

ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்த ஒரு பெண். இக்கரையில் அவளுடைய அம்மா படுக்கையில் கிடக்கிறாள். அண்ணன் ஆளனுப்புகிறான். அன்றைக்குப் பரிசல் போகிறது, அவள் ஏறவில்லை. அடுத்த பரிசலில் போகலாம் என்று இருக்கிறாள். அதற்குள் ஆற்றில் வெள்ளம். அம்மா போய்விடுகிறாள். வெள்ளத்தால் வர முடியவில்லை என்று அண்ணனிடம் சொல்கிறாள், அவனும் நம்பிவிடுகிறான்.

“அவ சொன்னது பொய்யா டீச்சர்?” என்று கேட்டார்.

நான் எழுந்து பலகைக்குப் போனேன். இவ்வளவு வாகான கதை எனக்குக் கிடைத்ததே இல்லை. வெள்ளம் ஒரு சாக்கு, அது இல்லாவிட்டாலும் அவள் போயிருக்க மாட்டாள் என்றேன். முதல் பரிசலை விட்டாளே, அங்கேயே அவள் யாரென்று தெரிந்துவிட்டது, அம்மா மேல் அவளுக்கு இருந்த பாசம் அவ்வளவுதான் என்றேன். அண்ணனிடம் உண்மையைச் சொல்லாதவரை அவள் முழுப் பாத்திரமாக ஆக மாட்டாள் என்று அடிக்கோடும் போட்டேன்.

பொதுப்பணித் துறையில் கிளார்க்காக இருக்கும் ஒருவர் குறுக்கிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழும் இந்தியும் அவர் வாயில் ஒன்றாகத்தான் வரும். “அரே டீச்சர், மௌசம் கராப்னா அந்தப் பொண்ணு என்ன செய்யும்? சோடுங்க, அடுத்த கதைக்குப் போலாம்.”

வானிலை மோசமானால் அவள் என்ன செய்வாள், விட்டுவிடுங்கள் என்கிற அவருக்கு விஷயம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். அறையில் ஒருவரும் பேசவில்லை. என் பேச்சில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கதை சொன்னவர் வரவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கிளார்க் என்னை நிறுத்தினார். ஏழு வருஷத்துக்கு முன் அந்தப் பெண்ணின் அம்மா சாகக் கிடந்தபோது அவர் ஒரு கப்பலை விட்டதையும், அடுத்த கப்பல் புயலால் ரத்தானதையும் சொன்னார். அந்தச் சாவுக்குப் பிறகு அவர் ஊர்ப்பக்கம் போனதே இல்லையாம். இப்போது அண்ணனே கூப்பிட்டுத் தன் மூத்த மகன் கல்யாணத்துக்கு வரச் சொன்னதால், கணவர், மகள் என்று மூன்று பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார்களாம். போன வாரம் அவரே அதை ரத்து செய்துவிட்டாராம்.

“உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டேன்.

“இங்க எல்லார் வீட்டுலயும் ஒரு ஜஹாஸ் இருக்கு டீச்சர். நாங்க கேக்க மாட்டோம்.”

ஜஹாஸ் என்றால் கப்பல். இந்தத் தீவில் ஒருவர் கப்பல் கிடைக்கவில்லை என்று சொன்னால் அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை. சாவோ கல்யாணமோ, வராதவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அது உண்மையாகவும் இருக்கலாம், பாதி உண்மையாகவும் இருக்கலாம். தெரிந்தும் கேட்காமல் விடுவது இங்கே ஒரு நாகரிகம். எனக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றால் அரசாங்கச் சலுகையில் விமானம். அதனால்தானோ என்னவோ, பன்னிரண்டு வருஷத்தில் இது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் பள்ளி முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வண்டூர் போனேன். வழியெல்லாம் ஒரு நல்ல பேச்சைத் தயார் செய்தேன். அவர் வீட்டு முன்னறையில் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தயார் செய்த பேச்சை விட்டுவிட்டேன். நான் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

“என்ன தப்பு? முன்னால போன கப்பல்ல நான் ஏறியிருக்கலாம்லா. ஏறலியே” என்றார்.

“அண்ணன் அதைக் கேட்டாரா?”

“இத்தன வருசத்துல ஒரு வார்த்த கேக்கல. பாவம், கப்பல் இல்லாம தங்கச்சி அங்க கெடந்து எப்பிடித் துடிச்சிருப்பாளோன்னுதான் ஊரெல்லாம் சொல்லியிருக்காவ. அப்பிடிப்பட்ட மனுசன் முன்னால பொய்யோட போயி நிக்கலாமா? அன்னைக்கு உங்க கூட்டத்துல இருந்து வந்ததும் போன் போட்டுச் சொல்லிட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். “அம்மா மூணு நாளா உன் பேரச் சொல்லியே கெடந்துச்சு, கப்பல் இல்லம்மான்னு நான் அதுட்ட சத்தியம் பண்ணேன்னு சொன்னாவ. அப்புறம் வச்சிட்டாவ. பொறவு எடுக்கல.”

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. நான் உங்கள் அண்ணனிடம் பேசுகிறேன், நானே எல்லாவற்றையும் விளக்குகிறேன் என்றேன். விளக்குகிற புத்தி அப்போதும் போகவில்லை பாருங்கள்.

அவர் லேசாகச் சிரித்தார். “என்னன்னு சொல்லுவீங்க? அவ ஏன் அந்தப் பரிசல்ல ஏறலன்னு நீங்க கேக்கவே இல்லியே டீச்சர்.”

உண்மைதான். என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று வருஷக்கணக்காகப் பலகையில் எழுதியவள், அன்றைக்கு ஏன் என்று கேட்கவில்லை. பதில் எனக்கு முன்பே தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

“ஏன்?” என்று இப்போது கேட்டேன்.

உள்ளறையில் அவருடைய மகள் யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கதவைப் பார்த்தார், பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்த ஞாயித்துக்கெழம மவளுக்கு நீட் பரீச்ச. ராப்பகலா படிச்ச புள்ள. ஆச்சி சீக்கா கெடக்குன்னு தெரிஞ்சா எழுத மாட்டா. பரீச்ச முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிரலாம், அம்மா அதுவர தாங்கும்னு நெனச்சேன். அவ அதுல பாஸும் ஆகல.”

“இதை அண்ணனிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். அவர் நிச்சயம் புரிந்துகொள்வார்.”

“சொன்னா அவளுக்கும் தெரிஞ்சிரும் டீச்சர். தன்னாலதான் ஆச்சி மொகத்த அம்மா பாக்கலன்னு அவ காலம் பூரா நெனைக்கணுமா? பாசம் இல்லாதவன்னு அண்ணன் என்னைய நெனச்சிட்டுப் போட்டும்.” பிறகு என் கையைப் பிடித்தார். “கொஞ்சம் மெல்லப் பேசுங்க.”